தோட்டத்து மண்ணை அளந்து சொல்லுங்கள்

கேரளத்து மலைகளில் தேயிலைத் தொழில் வேரூன்றி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களில் காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறி வந்த தமிழர்களே. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் இன்றும் அதே லயங்களில் வாழ்கிறார்கள். அதே மலைச் சரிவில் கொழுந்தெடுக்கிறார்கள். தலைமுறைகள் மாறினாலும் மண் மாறவில்லை. நெல் வயலில் பயிரை மாற்றலாம், ஒரு பருவம் தரிசாகவும் விடலாம். தேயிலைக் காட்டில் அதற்கு வழியில்லை. ஒரே செடி ஒரே இடத்தில் ஐம்பது, அறுபது, நூறு ஆண்டுகள்கூட நிற்கிறது. அத்தனை ஆண்டுகளும் அதன் காலடியில் உரம் இடப்படுகிறது. அதன் தலைமீது மருந்து அடிக்கப்படுகிறது.

இட்ட உரத்திலும் அடித்த மருந்திலும் மக்கி மறையாத பொருள் எவ்வளவு அந்த மண்ணில் தங்கியிருக்கிறது? இதுவே இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வி. இதற்குத் தோட்டம் தோட்டமாகப் பதில் சொல்லும் கணக்கு எதுவும் அந்த மண்ணில் வாழும் தொழிலாளியின் கைக்கு வந்ததில்லை என்பதே நமது குறை.

தேயிலையில் ஈயம் இருக்கிறது, காட்மியம் இருக்கிறது என்று அவ்வப்போது ஒரு பரபரப்பு எழுவதுண்டு. உடனே, ‘அப்படி எதுவும் இல்லை, எங்கள் தேயிலை தூய்மையானது’ என்று மறுப்பும் வரும். இரண்டு நாளில் இரண்டையும் மக்கள் மறந்துவிடுவார்கள். அளந்து பார்க்காமல் அச்சமூட்டுவது தவறு. அளந்து பார்க்காமல் ஆறுதல் சொல்வதும் அதே அளவு தவறுதான்.

கன உலோகங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை ஈயம், காட்மியம், நிக்கல், குரோமியம், பாதரசம் போன்றவை. செம்பும் துத்தநாகமும் இந்த வரிசையில் சேரும். ஆனால் இவை சிறிதளவு செடிக்கும் மனிதனுக்கும் தேவையானவை. ஈயத்தாலும் காட்மியத்தாலும் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கி அதைப் பழுதாக்குவது. பூச்சி மருந்துகள் பலவும் வெயிலிலும் மழையிலும் நாளடைவில் சிதைந்துவிடும். உலோகம் சிதையாது. மழை நீரோடு இடம் பெயரும், வேர் வழியாக மேலேறும், அல்லது மேல் மண்ணிலேயே தங்கிவிடும். இன்று சேர்வது நேற்றுச் சேர்ந்ததோடு கூடிக்கொண்டே போகும்.

இவை தேயிலைத் தோட்டத்துக்குள் வரும் வழிகள் இரகசியமானவை அல்ல. முதல் வழி, மணிச்சத்து உரம். இந்த உரம் பாஸ்பேட் பாறையிலிருந்து கிடைப்பது. அந்தப் பாறையிலேயே, வெட்டியெடுத்த இடத்தைப் பொறுத்துக் கூடவோ குறையவோ, காட்மியம் கலந்திருக்கிறது. இதை உணர்ந்துதான் ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், உரத்திலுள்ள ஒரு கிலோ மணிச்சத்துக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று உச்சவரம்பு விதித்தது.

இரண்டாவது வழி, கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்து. இந்த நோய் தென்னிந்தியத் தேயிலையைத் தாக்கியது 1946ஆம் ஆண்டில். அன்று முதல் மழைக்காலம்தோறும் செம்பு கலந்த மருந்து தெளிக்கப்பட்டு வந்திருக்கிறது. செம்போடு நிக்கல் உப்பைச் சேர்த்துத் தெளித்த காலமும் உண்டு. இலையில் விழுந்த மருந்தை மழை கழுவும். கழுவிய செம்பு மண்ணில் இறங்கும். அது இலைமக்கோடு ஒட்டிக்கொண்டு மேல் மண்ணிலேயே நிற்கும் இயல்புடையது. அளவு மிஞ்சினால் மண்புழுவுக்குக் கேடு. மண்புழு இல்லாத மண் எப்படியிருக்கும் என்பதை விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவது வழி, சாலை. நாடு முழுவதும் 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு முன் பல்லாண்டுகள் மலைப்பாதையில் ஏறி இறங்கிய வண்டிகள் கக்கிய ஈயம் சாலையோரத்து மண்ணை விட்டுத் தானாகப் போய்விடாது.

நான்காவது வழி, பாக்டரி. கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தின் பற்கள் தேய்கின்றன. தேய்ந்த உலோகம் தூளோடு சேர்கிறது. தென்னிந்தியத் தேயிலையில் குரோமியம் சேர்வதற்கு இந்த இயந்திரத்தின் உருளைகளே முக்கியக் காரணம் என்று வால்பாறையில் உள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்களே 2008ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தொழிலைச் சேர்ந்தவர்களே தொழிலின் குறையை அளந்து சொன்னது பாராட்டத்தக்கது. காரணம் இன்னதென்று தெரிந்தால்தான் பரிகாரமும் தேட முடியும். மண்ணில் உள்ள உலோகத்துக்கு உருளையைக் குறை சொல்லிப் பயனில்லை. உருளையிலிருந்து வருவதற்கு உரத்தைக் குறை சொல்லியும் பயனில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக மண்ணின் புளிப்பு என்று ஒன்று இருக்கிறது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் பயிர். அதன் அமிலக் குறியீடு நாலரை முதல் ஐந்தரைக்குள் இருந்தால் செடி செழிக்கும். தழைச்சத்துக்காக அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் ஆண்டாண்டாக இடும்போது மண்ணின் புளிப்பு ஏறிக்கொண்டே போகிறது. புளிப்பு ஏற ஏற, மண்துகளோடு ஒட்டிக் கிடந்த காட்மியம், நிக்கல், துத்தநாகம் போன்றவை கரைந்து வேருக்கு எட்டும் நிலைக்கு வருகின்றன. உலோகத்தின் மொத்த அளவு கூடாவிட்டாலும் செடிக்குள் போகும் அளவு கூடிவிடும். புளிப்பைத் தணிக்கக் கவ்வாத்து ஆண்டில் டோலமைட் சுண்ணாம்பு இடுவது நல்ல தோட்டங்களில் நெடுநாளைய வழக்கம். செலவைக் குறைக்கும் காலத்தில் முதலில் கைவைக்கப்படும் வேலைகளில் இதுவும் ஒன்று ஆகிவிடக் கூடாது.

அளப்பது எப்படி என்பதையும் வாசகர்கள் ஓரளவு அறிந்திருப்பது நல்லது. ஏனென்றால் தவறாக அளந்து சொல்லும் எண், எண்ணே இல்லாததைவிடத் தீங்கானது. ஒரு காட்டில் ஒரே குழியில் எடுத்த மண் அந்தக் காடு முழுவதற்கும் சாட்சி சொல்லாது. பல இடங்களில் எடுத்துக் கலக்கவேண்டும். சாலையோரம், உரமூட்டை அடுக்கிய இடம், மருந்து கலக்கிய தொட்டியடி ஆகியவற்றின் மண்ணைத் தனியாக எடுக்கவேண்டும். துத்தநாகம் பூசிய வாளியில் மண்ணை அள்ளிக்கொண்டு போய்த் துத்தநாகத்தை அளந்தால் வாளியைத்தான் அளந்ததாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரமே காணாத பக்கத்துச் சோலைக்காட்டு மண்ணையும் அளக்கவேண்டும். சில மலைகளின் பாறையிலேயே நிக்கலும் குரோமியமும் இயற்கையாக மிகுந்திருக்கும். சோலை மண்ணோடு ஒப்பிட்டால்தான் இயற்கை தந்தது எவ்வளவு, நாம் கொட்டியது எவ்வளவு என்பது விளங்கும்.

ஆய்வுக்கூடத்தில் மண்ணை உலர்த்திச் சலித்து, கடுமையான அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலை அணு உறிஞ்சல் கருவியில் செலுத்துகிறார்கள். ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய ஒளியைத்தான் உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சுகிறதோ அதைக்கொண்டு அளவு கணக்கிடப்படுகிறது. 1950களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆலன் வால்ஷ் உருவாக்கிய இந்த முறை உலகமெங்கும் பரவிவிட்டது. இதைவிட நுட்பமான கருவிகளும் பின்னர் வந்துவிட்டன. கருவி நம்மிடம் இல்லை என்று சொல்ல இடமில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அமிலத்தில் முழுவதும் கரைத்தால் கிடைப்பது மண்ணிலுள்ள மொத்த அளவு. மென்மையான கரைசலால் பிரித்தெடுத்தால் கிடைப்பது செடிக்கு எட்டும் அளவு. முன்னது சேமிப்புக் கணக்கு. பின்னது செலவுக்கு எடுக்கக்கூடிய தொகை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் படிப்பவர் ஏமாந்துபோவார். இரண்டையும் மண்ணின் புளிப்பு அளவோடு சேர்த்துச் சொல்வதே நேர்மையான அறிக்கை.

தேயிலைத் தூளுக்கும் இது பொருந்தும். தூளில் இருப்பது எல்லாம் தேநீரில் இறங்கிவிடுவதில்லை. பெரும்பகுதி சக்கையோடு நின்றுவிடும் உலோகமும் உண்டு. இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளும், அவற்றை அடுத்து வந்த 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் தேயிலையில் ஈயத்துக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றும், செம்புக்கு 150 மில்லிகிராம் என்றும் வரம்பு வகுத்தன. ஒரு கோப்பைக்கு 2 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். ஈயம் வரம்பை எட்டி நிற்கும் தூளில் ஒரு கோப்பைக்குரிய பங்கில் 20 மைக்ரோகிராம் ஈயம் இருக்கும். நாளைக்கு நாலு கோப்பை என்றால் 80 மைக்ரோகிராம். இதில் ஒரு பகுதிதான் தேநீரில் இறங்கும் என்பது உண்மை. அந்தப் பகுதி எவ்வளவு என்பது தூளையும் தண்ணீரையும் கொதிக்கவைக்கும் நேரத்தையும் பொறுத்தது. வெந்நீரில் இலையை இரண்டு நிமிடம் ஊறவைத்து வடிப்பது வெள்ளைக்காரர் பழக்கம். நம் வீடுகளில் தூளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுகிறோம். நம் வீட்டுத் தேநீரை நம் வழக்கப்படி காய்ச்சி அளந்தால்தான் நமக்குப் பொருந்தும் கணக்கு கிடைக்கும்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ‘வாரத்துக்கு இவ்வளவு வரை உட்கொள்ளலாம்’ என்று முன்பு வகுத்திருந்த கணக்கை உலக நிபுணர் குழு 2010ஆம் ஆண்டில் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதனால் தேநீரே குடிக்கக் கூடாது என்பதல்ல பொருள். வரம்புக்குள் இருக்கிறது என்ற ஒரே சொல்லோடு பேச்சை முடித்துவிடக் கூடாது என்பதே பொருள்.

இனி, யாருக்காக அளக்கிறோம் என்ற கேள்விக்கு வருவோம். கப்பலேறும் தேயிலை வாங்கும் நாட்டின் விதிக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காகப் பரிசோதிக்கப்படுகிறது. நல்லதுதான். ஆனால் அந்தத் தேயிலை விளைந்த மண்ணில் காலூன்றி நிற்பவர் யார்? மருந்து டாங்கியை முதுகில் சுமப்பவர் யார்? மருந்தடித்த காட்டில் ஈரப் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கும் தாய்மார்கள் யார்? லயத்துக்குப் பின்னால் பீன்ஸும் முட்டைக்கோசும் கீரையும் போடுகிறார்களே, அதுவும் அதே மண்தான். கான் வழியாக வடிந்து ஓடையில் சேரும் நீர்தான் பல இடங்களில் குடத்துக்கும் வருகிறது. வெளிநாட்டவரின் கோப்பைக்குக் காட்டும் அக்கறையில் பாதியை லயத்துக் குடத்துக்கும் காட்டவேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கையா?

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் வகை செய்யப்பட்டிருந்தது. பூச்சி மருந்து, ரசாயனம், நச்சுப் பொருள் ஆகியவற்றைக் கையாளும் தொழிலாளரின் பாதுகாப்பு நிர்வாகத்தின் கடமை என்று 2010ஆம் ஆண்டில் அதில் தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டது. அச்சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கடமை இடம் பெற்றிருக்கிறது. ஆனால், மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதிலிருந்து பாதுகாப்பது?

மத்திய அரசு 2015ஆம் ஆண்டில் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பன்னிரண்டு அம்சங்கள் சோதிக்கப்படுகின்றன: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், அமிலக் குறியீடு, உப்பின் அளவு, கரிமச் சத்து. இந்தப் பட்டியலில் ஈயம் இல்லை, காட்மியம் இல்லை, நிக்கலும் குரோமியமும் இல்லை. செம்பு இருக்கிறது; ஆனால் பயிருக்குப் போதவில்லையா என்று பார்ப்பதற்காகவே இருக்கிறது. எண்பது ஆண்டுகளாகச் செம்பு மருந்து அடித்த தேயிலைக் காட்டில் கேட்கவேண்டிய கேள்வி நேர் எதிரானது.

அளக்காமல் காலம் கடத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளம் வெளியூர் உதாரணம் தேடவேண்டியதில்லை. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வானிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்குள்ள மக்கள் நோயைச் சொல்லி அழுதபோது ஆதாரம் எங்கே என்று கேட்கப்பட்டது. தெளிப்பு தொடங்குவதற்கு முன் மண் எப்படி இருந்தது, நீர் எப்படி இருந்தது என்ற கணக்கு அவர்களிடம் இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் தடை விதித்தது 2011ஆம் ஆண்டில். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது 2017ஆம் ஆண்டில். எண்டோசல்பான் வேறு, கன உலோகம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி நாம் பயமுறுத்தவில்லை. அளவு இல்லாத இடத்தில் ஏழையின் சொல் அம்பலம் ஏறாது என்ற பாடம் மட்டும் இரண்டுக்கும் பொது.

தேயிலையின் பெயர் கெட்டுவிடும், விலை விழுந்துவிடும் என்று சிலர் அஞ்சலாம். இந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. 2000ஆம் ஆண்டுக்குப் பின் பீர்மேட்டில் தோட்டங்கள் மூடிக் கிடந்த காலத்தில் பட்ட பாட்டைத் தமிழ்க் குடும்பங்கள் மறக்கவில்லை. தேயிலைக்கு ஒரு கெடுதல் என்றால் முதலில் அணைவது தொழிலாளியின் அடுப்புதான். அதனாலேயே சொல்கிறோம்: வதந்தியை வெல்ல மறுப்பு அறிக்கை போதாது, எண் வேண்டும். ஆண்டுதோறும் அளந்து பகிரங்கமாகச் சொல்லும் தோட்டத்தின் தேயிலையை ஒரு நாள் பரபரப்பு வீழ்த்திவிடாது. வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வுக்கூடம் கடைத்தெருக் காய்கறிகளில் உள்ள மருந்து எச்சத்தை அளந்து முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிட்டு வந்திருக்கிறது. அதனால் மக்கள் காய்கறி வாங்குவதை நிறுத்திவிடவில்லை. எதைக் கழுவ வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

செலவு என்ற சாக்கும் நிற்காது. கவ்வாத்துச் சுற்றுக்கு ஒரு முறை, அதாவது நாலைந்து ஆண்டுக்கு ஒரு முறை, புளிப்பையும் சத்தையும் பார்க்கத் தோட்டங்கள் மண் எடுத்து அனுப்பத்தான் செய்கின்றன. அதே மண்ணில் ஒரு பிடியைக் கன உலோகச் சோதனைக்கும் அனுப்பலாம். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியால் அந்தக் கட்டணத்தையும் தாங்க முடியாது. அதைத் தேயிலை வாரியம் ஏற்கவேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. கவ்வாத்துச் சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு தோட்டத்திலும் மேல் மண்ணும் அடிமண்ணும், ஒப்பீட்டுக்குச் சோலை மண்ணும், நிர்வாகத்தைச் சாராத அரசு ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட வேண்டும். லயங்களின் குடிநீரும், வீட்டுத் தோட்டத்துக் காய்கறியும், தொழிலாளர் குடிக்கும் தூளும் அந்தச் சோதனையில் சேரவேண்டும். மருந்தடிக்கும் தொழிலாளருக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தி, அதன் முடிவை அவர்கள் கையிலேயே தரவேண்டும். இந்த எண்கள் எல்லாம் மலையாளத்தோடு தமிழிலும் எழுதி மஸ்டர் எடுக்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைக்கும் அறிக்கை, அளக்காததற்குச் சமம்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கூலிக்காகவும் போனசுக்காகவும் போராடுவது உங்கள் உரிமை. 2015ஆம் ஆண்டில் மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்து கேட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. அடுத்த பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் மண் பரிசோதனையும் ஒரு வரியாக இடம் பெறட்டும். கூலி இந்த மாதத்துக்கு, மண் பேரப்பிள்ளைகளுக்கு.

அளந்து பார்த்தால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று தெரியவரலாம். வந்தால் மகிழ்ச்சியோடு அதை நாமே முதற்பக்கத்தில் வெளியிடுவோம். குறை இருக்கிறது என்று தெரியவந்தால், சுண்ணாம்பு இடுவது, உரத்தை மாற்றுவது, மருந்தைக் குறைப்பது, நீருக்கு வேறு ஊற்றுத் தேடுவது என்று வழிகள் உண்டு. இந்த மலைகளில் ஒவ்வொரு நாளும் தொழிலாளி எடுத்த கொழுந்து தராசில் நிறுக்கப்படுகிறது; ஒரு கிலோ குறைந்தாலும் கணக்கில் ஏறுகிறது. அவர் நிற்கும் மண்ணையும் ஒரு முறை நிறுத்துக் கணக்குச் சொல்லுங்கள். மாநில அரசும் தேயிலை வாரியமும் தோட்ட நிர்வாகங்களும் இதில் காலம் தாழ்த்தக் கூடாது.